அரை ரேஷன் வாங்கினவ ஓசிச் சோறு தின்னவளா?

செங்காந்தள்:
பழைய சுபேதார் ஐயா நேத்து எழுதினது இது: "நெப்போலியன் காலத்துல படைக்குப் பின்னாடி போன பொம்பளைங்க ஓசிச் சோத்துக் கூட்டம், படைக்குப் பாரம்." படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. 1808 முதல் 1814 வரை ஸ்பெயின், போர்ச்சுகல்ல நடந்த போரையே எடுத்துக்குவோம். பிரிட்டிஷ் படையில ஒரு கம்பெனிக்கு, அதாவது நூறு பேர் வரைக்கும் இருக்குற படைப்பிரிவுக்கு, 4 முதல் 6 மனைவிமார்தான் கூடப் போகலாம். கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி தொப்பியில சீட்டுப் போட்டுக் குலுக்குவாங்க. "போகலாம்", "போகக்கூடாது" ரெண்டுல ஒண்ணு. ரெண்டாவது வந்தா கைக்குழந்தையோட துறைமுகத்துலயே நிக்க வேண்டியதுதான். போனவளுக்குக் கிடைச்சது அரை ரேஷன், சிப்பாய்க்கு அளக்குற சாப்பாட்டுல பாதி. அவ துவைச்சா, தைச்சா, காயம்பட்டவனைப் பார்த்துக்கிட்டா. இது ஓசிச் சோறா?

பழைய சுபேதார்:
28 வருஷம் யூனிஃபார்ம் போட்டவன் சொல்றேன். அரை ரேஷன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அது சண்டை போடுறவன் வயித்துக்குப் போக வேண்டியது. கொள்ளையடிக்கிறதுல பொம்பளைங்க ஆம்பளைங்களுக்குக் குறைஞ்சவங்க இல்லன்னு அந்தப் படையோட தளபதி வெலிங்டனே குறைபட்டிருக்கார். சப்ளை தெரியாதவங்க பேசுற விஷயம் இல்ல இது.

செங்காந்தள்:
அளந்து போட்டாங்கன்னா பட்டியல்ல அவளுக்கும் கணக்கு இருந்துச்சுன்னு அர்த்தம். ஓசிக்கு வந்தவளுக்கு யாராவது அளந்து போடுவாங்களா? துவைக்கிறதுக்குச் சிப்பாய் தன் கைக்காசைத் தனியாக் கொடுத்தான்.

பழைய சுபேதார்:
துவைக்கக் காசு, திங்க ரேஷன். ரெண்டு பக்கமும் வரும்படி. நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்றீங்க.

தாமிரபரணிக்காரன்:
வெள்ளைக்காரிக்கு மட்டும் எவ்வளவு கண்ணீர்! 1842 ஜனவரி 6 அன்னைக்குக் ஆப்கானிஸ்தான்ல காபூல்லேர்ந்து பின்வாங்கிக் கிளம்பின பிரிட்டிஷ் இந்தியப் படையில சுமார் 4,500 படைவீரர், கூட வந்தவங்க சுமார் 12,000 பேர். அதுல சிப்பாய்களோட பெண்டாட்டி பிள்ளைங்க எத்தனை பேர் பனியில விறைச்சுச் செத்தாங்க? அங்க மணிக்கட்டுல குண்டடிபட்ட லேடி சேல்ங்கிற பிரிட்டிஷ் அதிகாரி மனைவி எழுதின நாட்குறிப்பு புத்தகமா வந்துச்சு. நம்ம பெண்கள்ல ஒருத்தி பேராவது உங்களுக்குத் தெரியுமா?

பழைய சுபேதார்:
அந்த 12,000 வாயைக் கூட்டிட்டுப் போனதாலதான் படையே நகர முடியல தம்பி. எனக்குச் சாட்சி சொன்னதுக்கு நன்றி.

தாமிரபரணிக்காரன்:
சாட்சியா? பனியில செத்தவங்களை வச்சா நீங்க ஜெயிக்கணும்? போன மாசம் வேலூர் 1806 சிப்பாய்க் கிளர்ச்சி விவாதத்துலயும் இதே வேலைதான் பண்ணினீங்க. மறக்கல.

செங்காந்தள்:
அண்ணே, காபூல் பத்தித் தனி இழை போடுங்க, முதல் ஆளா வர்றேன். இங்க விஷயம் அரை ரேஷன். ஐயா, 1810ல ஸ்பெயின்ல காதிஸ் நகரத்துப் பக்கம் மதகோர்தா கோட்டையில ஆக்னஸ் ரெஸ்டன்னு ஒரு சார்ஜென்ட் மனைவி இருந்தாங்க. பிரெஞ்சு பீரங்கி இடைவிடாம முழங்குது. காயம்பட்டவங்களுக்குத் தண்ணி வேணும். கிணத்துக்கு அனுப்பின மேளக்காரப் பையன், சின்னப் பிள்ளை, நடுங்கி நிக்கிறான். இந்தம்மா அவன் கையிலேர்ந்து வாளியைப் பிடுங்கிட்டுப் போறாங்க. இறைக்கும்போதே குண்டு வந்து கயித்தை அறுக்குது. அந்தம்மா திரும்பி ஓடல. வாளியை மீட்டுத் தண்ணியோடதான் வந்தாங்க. அவங்களுக்கும் அரை ரேஷன்தான்.

பழைய சுபேதார்:
ஒருத்தி வாளி தூக்கினா மொத்தக் கூட்டமும் வீரமா? ரேஷன் ரேஷன்தான்.

டர்பன் பேரன்:
தென்னாப்பிரிக்காவுல எங்க நேட்டால்ல லேடிஸ்மித்னு ஊர் இருக்கு, கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம்ம ஆட்களோட வாரிசுங்க அங்கயும் இருக்காங்க. 1812ல ஸ்பெயின்ல படாஹோஸ் நகரம் பிரிட்டிஷ் படைகிட்ட விழுந்ததும் ஹாரி ஸ்மித்ங்கிற பிரிட்டிஷ் அதிகாரியைக் கட்டிக்கிட்ட ஹுவானாங்கிற ஸ்பானியப் பெண் பேர்ல வந்த ஊர் அது. அப்ப அவங்களுக்கு வயசு 14. குதிரை மேல படையோடவே போனாங்க.

பழைய சுபேதார்:
அவங்க ஆபீசர் சம்சாரம். அந்தக் கணக்கு வேற.

செங்காந்தள்:
ஆபீசர் சம்சாரம்னா மரியாதை, சிப்பாய் சம்சாரம்னா பாரமா? 28 வருஷ சர்வீஸ்ல உங்க வீட்டம்மா எந்தக் கணக்கு?

பழைய சுபேதார்:
வீட்டுப் பேச்சு வேண்டாம்மா. எல்லை மீறாதீங்க.

செங்காந்தள்:
மன்னிக்கணும், அந்த ஒரு வரியை எடுத்துடறேன். மிச்சத்தை எடுக்க மாட்டேன். 1812ல ஸ்பெயின்ல பர்கோஸ் நகரத்துலேர்ந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கும்போது பெண்கள் ஏறி வந்த கழுதைங்க பாதையை அடைக்குதுன்னு சுட்டுக் கொன்னது உங்க பட்டாளத்துப் போலீஸ்தான். அதுக்கப்புறம் நடந்தே வந்தாங்க. 34வது ரெஜிமென்ட்ல ஸ்கிடின்னு ஒருத்தி, நடக்க முடியாத புருஷனை மூட்டையும் துப்பாக்கியுமா முதுகுல சுமந்தா. அங்க யாருக்கு யார் பாரம்?

தாமிரபரணிக்காரன்:
காபூலுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

பழைய சுபேதார்:
கதை நல்லாயிருக்கு. அந்த அரை ரேஷன் யார் பங்குலேர்ந்து போச்சு? காலையிலேர்ந்து கேக்குறேன்.

செங்காந்தள்:
கயிறு அறுந்த பிறகு அந்தத் தண்ணி யார் வாய்க்குப் போச்சு? நானும் காலையிலேர்ந்துதான் கேக்குறேன்.