‘கார்ஸ் 2’ பார்த்த அனுபவங்கள்: போல்ட்டை வைத்துக் குற்றவாளியைப் பிடித்த மேட்டர்

லேத் பட்டறைக்காரர்:

2011-இல் வெளிவந்த, பேசும் கார்களே பாத்திரங்களாக வரும் ‘கார்ஸ் 2’ அனிமேஷன் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே பிக்ஸார் ரசிகர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். விமர்சகர்கள் பெரும்பாலோர் அதைக் கைவிட்டார்கள், ஆஸ்கர் பரிந்துரையும் கிடைக்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் நட்டும் போல்ட்டுமாகப் பிழைக்கிறவர்களுக்கு அந்தப் படம் கொடுத்த மரியாதையை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன். முடிச்சை அவிழ்க்காமல் இதைச் சொல்ல முடியாது. பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மைல்ஸ் ஆக்சில்ராட் என்ற செல்வந்தர், ‘அலினால்’ என்னும் மாற்று எரிபொருளை உலகுக்குக் காட்ட டோக்கியோவிலும் இத்தாலியிலும் லண்டனிலும் பந்தயம் நடத்துகிறார். கதாநாயகனான பந்தயக் கார் மெக்வீன் ஓடப் போகிறான். அவனுடைய நண்பன், துருப்பிடித்த இழுவை வண்டி மேட்டர், கூடவே போகிறான். போன இடத்தில் பிரிட்டிஷ் உளவாளிகள் ஃபின் மெக்மிஸைலும் ஹாலி ஷிஃப்ட்வெல்லும் அவனை அமெரிக்க ஒற்றன் என்று நம்பிவிடுகிறார்கள்.

என் பெரியப்பா பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்த்தே தலை நரைத்தவர். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து, பாதி உறக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில், பந்தயத்தைக் கெடுக்கும் வில்லன் கும்பலின் மறைமுகத் தலைவனுடைய இன்ஜினின் புகைப்படம் வருகிறது. அவன் யார் என்று உளவாளிகளுக்குத் தெரியவில்லை. மேட்டர் பார்த்தவுடன் சொல்கிறான்: இதில் இருப்பது விட்வொர்த் போல்ட், கழற்றுவதற்குள் உயிர் போய்விடும். பெரியப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “தம்பி, விட்வொர்த் என்றா சொன்னான்? கொஞ்சம் பின்னால் ஓட்டு.”

ஜோசப் விட்வொர்த் 1841-இல் போல்ட் மரைகளுக்கு, அதாவது போல்ட்டைச் சுற்றி ஓடும் திருகு வரிகளுக்கு, ஓர் ஒழுங்கு வகுத்துக் கொடுத்தார். மரையின் கோணம் 55 பாகை. பிரிட்டன் பல தலைமுறைகளுக்கு அதிலேயே ஓடியது. அதற்கான ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண், வாயின் அகலம் அல்ல, போல்ட்டின் விட்டம். பழக்கமில்லாதவர்கள் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் வழுக்கும், போல்ட் தலையின் விளிம்பு மழுங்கும், அதன்பிறகு உளியும் சுத்தியலும்தான். பெரியப்பா உள்ளே போய்த் தம் பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துவந்து பிள்ளைகளிடம் காட்டினார். அரை அங்குலம் என்று பொறித்திருந்த அதன் வாய் முக்கால் அங்குலத்துக்கும் மேல் இருந்தது. பிள்ளைகள் அளவுநாடாவைக் கொண்டுவந்து அளந்து பார்த்தார்கள். படம் அதுவரை நின்றிருந்தது.

மேட்டர் குருட்டு அதிர்ஷ்டத்தால் ஜெயிக்கிறான் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டோக்கியோ விருந்தில் தரையில் எண்ணெய் சிந்திக் கிடக்கிறது. பழி மேட்டர் தலையில் விழுகிறது, மெக்வீனே அவன்மீது கோபப்படுகிறான். ஆக்சில்ராட்டோ பெட்ரோலை விட்டு மின்சாரத்துக்கு மாறிவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர். மின்சார வண்டி எங்கிருந்து எண்ணெய் ஒழுக்கும்? ஒழுகிய எண்ணெய், புகைப்படத்தில் உள்ள இன்ஜின், அந்த போல்ட் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்துவிட்டு, லண்டனில் அரசி முன்னிலையிலேயே அவரைச் சுட்டிக்காட்டுகிறான். அப்போது அவன் உடம்பில் வெடிகுண்டு கட்டியிருக்கிறது. யாருடைய குரல் அதை முடுக்கியதோ அதே குரல்தான் அதை நிறுத்தவும் முடியும். ஆக்சில்ராட் பக்கத்தில் போய் நிற்கிறான். உயிருக்குப் பயந்து அவரே வாய் திறந்து நிறுத்துகிறார். உளவாளிகளிடம் இருந்த கருவிகளால் ஆகாத காரியம். பட்டறையில் கற்றுக்கொண்ட கண்ணும் காதும் அதைச் செய்துவிட்டன.

வில்லன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் எல்லோரும் உற்பத்தி நின்றுபோய், உதிரிபாகம் கிடைக்காமல், ஊரார் சிரிப்புக்கு ஆளான மாடல்கள்: ஏ.எம்.சி. கிரெம்லின், பேசர், யுகோஸ்லாவியாவின் யூகோ. அவர்களை நடத்தும் பேராசிரியர் ஒரு ஜெர்மானிய சுண்டாப் யானுஸ். 1957, 58-ஆம் ஆண்டுகளில் மட்டும் உருவாகிய அந்தக் குட்டிக் காரில் முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. உட்காருகிறவர்கள் முதுகோடு முதுகு சாய்ந்து எதிரெதிர்த் திசையில் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பாகம் கிடைக்காத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, “எப்படியாவது கடைந்து கொடுங்கள்” என்று கேட்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் அந்த வில்லன்களின் ஆத்திரம் எனக்குப் புரிந்தது. அவர்கள் செய்தது அக்கிரமம், கோபத்துக்கு மட்டும் காரணம் இருக்கிறது. குழந்தைகள் படத்தில் இந்த அளவுக்கு யோசித்திருப்பது பெரிய விஷயம் என்பேன்.

இரு பிள்ளைகளின் தாய்:

ஐயா சொன்ன போல்ட் விஷயத்தை இன்றுதான் புரிந்துகொண்டேன், நன்றி. என் அனுபவம் வேறு. அமெரிக்காவில் எல்லா வயதினரும் பார்க்கலாம் என்று ‘ஜி’ சான்றிதழ் பெற்ற படம் இது. ஆனால் அமெரிக்க ஒற்றன் ராட் ரெட்லைனைக் கட்டிவைத்து, அவனுக்குள் இருக்கும் அலினாலைச் சூடேற்றிக் கொல்லும் காட்சி சின்னக் குழந்தைக்கு உகந்தது அல்ல. என் இளையவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “அந்தக் கார் செத்துப்போய்விட்டதா அம்மா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் அந்த இடத்தைத் தாண்டிவிடுங்கள்.

மூத்தவன் கேட்டது மெக்வீனின் குருவான டாக் ஹட்சனைப் பற்றி. முதல் படத்தில் அவருக்குக் குரல் கொடுத்த பால் நியூமன் 2008-இல் காலமானார். வேறு ஒருவரைப் பேசவைக்காமல், கதையிலும் டாக் மறைந்துவிட்டதாக வைத்து, பந்தயக் கோப்பைக்கு அவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள். மேட்டரும் மெக்வீனும் அவருடைய நினைவுக் கூடத்தில் சற்று நேரம் நிற்பார்கள். அந்தக் காட்சியில் என் மகன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

எனக்குப் பிடித்த இடம், மாறுவேடத்துக்காக மேட்டரின் நெளிசல்களை எடுத்துவிடலாம் என்று ஹாலி சொல்வது. அவன் மறுத்துவிடுகிறான். ஒவ்வொரு நெளிசலும் மெக்வீனோடு சுற்றியபோது விழுந்தது, அதை யாரும் தொடக்கூடாது என்கிறான். மாறுவேடத்தை அதற்கு மேல் போர்த்திக்கொள்கிறான்.

ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒருவர்:

லண்டனில் வளரும் என் மகனுக்கு ‘பிக் பென்’ கடிகாரக் கோபுரம்தான் எல்லாம். படத்தில் அதற்கு ‘பிக் பென்ட்லி’ என்று பெயர். உள்ளே பற்சக்கரங்களுக்கு நடுவில் மேட்டரையும் உளவாளிகளையும் கட்டிவைத்திருப்பார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், “அப்பா, அவர்கள் இதற்குள்தானே இருந்தார்கள்?” என்று கேட்கிறான். கோபுரத்துக்குள் இருக்கும் பற்சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்று நூலகத்தில் புத்தகம் தேடி எடுத்துப் படிக்கவும் தொடங்கிவிட்டான். விமர்சகர்கள் கொடுத்த நட்சத்திரங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அண்ணா.

லேத் பட்டறைக்காரர்:

சகோதரி சொன்ன எச்சரிக்கை மிகச் சரியானது, அந்தக் காட்சியை நானும் முதலிலேயே குறிப்பிட்டிருக்கலாம். நெளிசல் எடுக்கும் வேலைக்கு வருகிறவர்களில் சிலர், “இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள்” என்று சொல்வதுண்டு. காரணம் கேட்க மாட்டேன்.

மறுபடி பார்ப்பவர்கள் டோக்கியோ விருந்துக் காட்சியை நிதானமாகப் பாருங்கள். எண்ணெய் தரையில் விழும் நேரத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் கவனித்தால் போதும்.