மலாக்காவில் நான் கேட்டுவிட்ட கேள்வி

கோவையிலிருந்து:
மலேசியாவின் மலாக்கா நகரத்து ஆற்றுப் படகையும் சிவப்பு ஸ்டாட்ஹைஸ் கட்டடத்தையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் மனத்தை இன்னும் அரித்துக்கொண்டிருப்பது பொய்யாத விநாயகர் கோயிலில் நான் கேட்ட ஒரு கேள்வி. 1781-இல் கட்டப்பட்ட அந்தக் கோயிலில், மலாய் உடைகளான சாரோங்கும் கெபாயாவும் அணிந்த மூதாட்டி ஒருவர் என் மகளை அருகில் அழைத்து, மலாயில் ஏதோ சொல்லிக்கொண்டே திருநீறு இட வந்தார். "இவ்வளவு பக்தியாக இருக்கிறீர்களே, தமிழ் தெரியாதா பாட்டி?" என்று கேட்டுவிட்டேன். சொல் புரியாவிட்டாலும் குரல் புரிந்திருக்க வேண்டும்; திருநீறு ஒட்டிய அவருடைய கட்டைவிரல், ரேகைகள் வெள்ளையாகத் தெரிய, மகளின் நெற்றிக்கு ஓரங்குலம் முன்னால் அப்படியே நின்றது. பிறகு மெல்லப் பூசிவிட்டு, "பிள்ளையார்" என்று மட்டும் சொல்லி நகர்ந்தார். கைகூப்பவாவது செய்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை.

திருச்சியிலிருந்து:
மேலே எழுதியவர் வருந்துவது சரி. ஆனால் பிழை குரலில் மட்டும் இல்லை, கேள்வியிலேயே இருக்கிறது. அந்தப் பாட்டி மலாக்கா செட்டியாக இருக்க வேண்டும்; அவர்கள் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியினர் அல்லர். 1511-இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றுவதற்கு முன்பே, சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம் அது. தாயின் மொழி வீட்டு மொழியாயிற்று, சாமி மாறவில்லை. போகியன்று காஜா பெராங்கில் உள்ள அவர்களுடைய குடியிருப்பில், முன்னோருக்கு வாழையிலையில் படைக்கும் 'பார்ச்சு' நடந்தபோது நான் இருந்தேன். சோற்றுக்குப் பக்கத்தில் மலாய் மிளகாய்த் துவையலான சம்பல் வைத்திருந்தார்கள். போகிறவர்கள் படகுச் சவாரியோடு திரும்பிவிட வேண்டாம். ஆற்றுப் பாலத்தைக் கடந்து துக்காங் எமாஸ் தெருப் பக்கம் நடந்தால், விநாயகர் கோயிலையும், 1748-இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலையும், செங் ஹூன் தெங் சீனக் கோயிலையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பள்ளிவாசலின் மினார் பகோடாவைப் போல அடுக்கடுக்காக உயர்வதை நின்று பாருங்கள். வெயில் ஏறுமுன் செல்லுங்கள்; குடியிருப்பில் யாரையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

கிள்ளானிலிருந்து:
வழியெல்லாம் இருக்கட்டும். தமிழ் தெரியாதா என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் மட்டும் அல்லர். பள்ளியில் என் செட்டி வகுப்புத் தோழியிடம் நானே கேட்டிருக்கிறேன். மறுநாள் அவள் உள்ளங்கையில் நீலப் பேனாவால் 'அ' என்று எழுதிக்கொண்டு வந்து, சரியா என்று மலாயில் கேட்டாள். சுழி இடம் மாறியிருந்தது. சரியில்லை என்று மட்டும் சொன்னேன், எழுதிக் காட்டவில்லை.