மேசைக்கணினிச் சத்தம்: ‘இரைச்சல்’ ஒன்று மட்டும் போதாது, ‘அரவம்’ வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுக் கணினியின் சத்தத்தைக் குறைப்பது பற்றி நான் எழுதிவரும் சிறு கையேட்டுக்குக் கலைச்சொல் கேட்டிருந்தேன். இத்தனை பேர் பதில் போட்டதில் மனம் நிறைந்துவிட்டது. பெரும்பாலோர் ‘இரைச்சல் குறைப்பு’ என்று வைத்துவிடலாம், பாடநூலிலேயே உள்ள சொல்தானே என்கிறீர்கள். முதல் வரைவில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். இப்போது அதை மாற்ற விரும்புகிறேன். காரணத்தைச் சொல்ல எங்கள் வீட்டுக் கதையிலிருந்து தொடங்க வேண்டும், கொஞ்சம் நீளும்.

சிங்கப்பூரின் ஈசூனில் எங்களுடையது நாலறை வீடு. கணினி இருக்கும் அறையில்தான் அம்மாவும் படுப்பார். இரவு 11 மணிக்கு மேல் கீழ்த்தளத்தில் பேச்சு அடங்கி, எதிர் வீட்டுத் தொலைக்காட்சியும் நின்ற பிறகு, அந்த அறையில் கணினி மட்டும் தனியாகக் கேட்கும். அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்று தெரிந்ததும் நான் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய், நிதானமாகச் சுற்றும் 120 மி.மீ. விசிறிகள் இரண்டு வாங்கி வந்து பழையவற்றைக் கழற்றிவிட்டு மாட்டினேன். மறுநாள் காலை அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்: “உஸ்ஸுன்னு வந்துச்சே, அது போயிடுச்சுப்பா. உம்முன்னு ஒண்ணு இருக்கே, அது அப்படியே இருக்கு. அப்புறம் நீ கேம் விளையாடுறப்ப சில்வண்டு மாதிரி ஒண்ணு கத்தும், அதுவும் இருக்கு.”

உஸ், உம், சில்வண்டு. மூன்றும் மூன்று வேறு இடங்களில், மூன்று வேறு காரணங்களால் பிறப்பவை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. நான் மூன்றையும் இரைச்சல் என்று ஒரே பெயரில் நினைத்திருந்ததால், ஒன்றுக்கு மட்டும் மருந்து வாங்கிவிட்டு மற்ற இரண்டும் போய்விடும் என்று காத்திருந்தேன். நம் கையேட்டைப் படிப்பவருக்கும் அது நேரக்கூடாது. அதனால்தான் இந்தச் சொற்களை இவ்வளவு பிடிவாதமாகப் பிரிக்கச் சொல்கிறேன்.

முதலில் உஸ். இது காற்று. விசிறி இறக்கையிலும், பெட்டியின் துளைகளிலும், தூசு அடைத்த வலையிலும் காற்று மோதிக் கலைவதால் வருவது. இதற்கு ‘இரைச்சல்’ என்ற சொல் அச்சாகப் பொருந்துகிறது. மழை இரைகிறது, கடல் இரைகிறது என்கிறோம். அங்கெல்லாம் தனியாக ஒரு சுருதி கேட்காது, எல்லா அதிர்வெண்ணும் கலந்து கேட்கும். படத்தில், சமிக்ஞையில் வரும் கலங்கலுக்கும் இரைச்சல் என்று நம் துறையில் நிலைத்துவிட்டதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆக இரைச்சல் நல்ல சொல், ஆனால் ஒரு வகையின் பெயர்.

இந்த இரைச்சலைக் குறைப்பது எளிது. விசிறியின் சுழற்சியைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் பாதியாகும், ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும் என்பதால் 80 மி.மீ. விசிறியைவிட 120, 140 மி.மீ. விசிறிகள் மேல். இங்கே ஒரு எச்சரிக்கையைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடப்போகிறேன். குளிர்நாடுகளில் 20, 22 பாகை அறையில் சோதித்து எழுதும் வேக அளவுகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. குளிர்சாதனம் போடாத நம் அறை இரவிலும் 29, 30 பாகையில் நிற்கும். கணினிச் சில்லின் (சிப்) சூடு என்பது அறையின் சூட்டுக்கு மேல் ஏறும் சூடு, ஆகவே அந்த எட்டு, பத்து பாகை நேரே சில்லின் தலையில் வந்து உட்காரும்.

அடுத்து உம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. கணினியை நிறுத்தி, இரண்டு விசிறிகளின் இணைப்பையும் பிடுங்கிவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டேன். உம் போகவில்லை. பெட்டியின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். சட்டென்று பாதியாக இறங்கியது, கையை எடுத்ததும் திரும்பி வந்தது. தகடு அதிர்கிறது, அதை எதுவோ அதிரவைக்கிறது. வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்). நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு திருகாணி வழியாகத் தகட்டுக்கும், தகட்டிலிருந்து மேசைக்கும், மேசையோடு ஒட்டிக் கிடந்த அம்மாவின் கட்டிலுக்கும் போயிருக்கிறது. அவர் அதைக் காதால் மட்டும் கேட்கவில்லை, தலையணையில் உணர்ந்திருக்கிறார்.

இதற்கு நான் வைக்கும் சொல் ‘உறுமல்’. உறுமியின் குரலைத் தைப்பூச ஊர்வலத்தில் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தோலில் குச்சியை இழைக்கும்போது அடிவயிற்றில் எழும் அந்தக் கனத்த ஒலிதான் நினைவுக்கு வரும். ‘ரீங்காரம்’ என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். ரீங்காரத்தில் ஓர் இனிமை இருக்கிறது, வண்டும் தேனும் நினைவுக்கு வருகின்றன. இந்தச் சத்தத்தில் அது இல்லை. ‘முனகல்’ என்றால் வலியில் இருக்கும் மனிதர் கண்முன் வந்துவிடுகிறார்.

கைப்பேசியில் டெசிபல் அளக்கும் செயலி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் காதைப் பின்பற்றும் ‘ஏ’ வகை அளவில் 100 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 19 டெசிபல் கழித்தே கணக்கில் வரும். அதனால் உறுமல் எண்ணில் சிறியதாகத் தெரியும். கட்டிலில் படுத்திருப்பவரின் பேச்சை நம்புங்கள்.

உறுமலுக்கான வைத்தியம் அதிர்வு பரவும் வழியை அறுப்பது. திருகாணியைக் கழற்றிவிட்டு, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த இலாஸ்டிக் நாடாவை பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, வன்தட்டை அதன்மேல் தொங்கவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, தூளி கட்டிப் போட்டிருக்கே?” என்றார். எனக்கு அதைவிடச் சிறந்த சொல் கிடைக்கவில்லை. ‘அதிர்வுத் தனிமையாக்கத் தொங்கல் அமைப்பு’ என்று என் வரைவில் இருந்ததை அடித்துவிட்டு ‘தூளி’ என்று எழுதிவிட்டேன். ‘தூளியில் போட்ட வன்தட்டு’ என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் படம் தெரிகிறது, எப்படிக் கட்ட வேண்டும் என்பதும் புரிகிறது. (கணினியை இடம் மாற்றும்போது தூளியிலிருந்து இறக்கிவிட வேண்டும். நாடா தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். உலோகச் சட்டத்தைத் தொடாததால் வன்தட்டு கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், மெல்லிய காற்று அதன்மேல் படட்டும்.) தகட்டின் உட்பக்கம் கனமான தார்த்தாள் ஒட்டுவது இதிலிருந்து வேறு வேலை. தூளி அதிர்வைப் போகவிடாது, தார்த்தாள் வந்துசேர்ந்த அதிர்வைத் தன்னுள் வாங்கி வெப்பமாக்கிவிடும். இரண்டாவதற்கு ‘அதிர்வு உறிஞ்சல்’ என்று வைத்திருக்கிறேன்.

மூன்றாவது சில்வண்டு. திரையில் படத்தை வரையும் வரைகலை அட்டையில் உள்ள மின்தூண்டிச் சுருள்களில் மின்னோட்டம் வேகமாக ஏறி இறங்கும்போது சுருளும் அதன் உள்ளகமும் நுண்ணிய அளவில் அதிர்கின்றன. அந்த அதிர்வு காதுக்கு எட்டும் அதிர்வெண்ணில் விழுந்தால் கீச்சென்று கேட்கும். விளையாட்டின் முகப்புப் பட்டியலில் இது உச்சத்துக்குப் போவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே வரைய அதிகம் இல்லாததால் அட்டை நொடிக்குப் பல நூறு சட்டங்களை (ஃபிரேம்) வரைந்து தள்ளும். சட்ட எண்ணிக்கைக்கு 60 என்று வரம்பு வைத்தேன், பெரும்பாலும் அடங்கிவிட்டது. இதற்கு ‘சுருள் கீச்சு’ என்பது என் முன்மொழிவு. ‘சுருள் ஓலம்’ என்று அக்கா ஒருவர் சொன்னது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓலத்தில் துயரமும் பெரும் சத்தமும் சேர்ந்து வருகின்றன. கீச்சு என்பது டுவிட்டர் பதிவுக்கு ஏற்கெனவே புழங்கும் சொல்லாயிற்றே என்ற தடை நியாயமானது. அந்தத் தளமே 2023இல் பெயர் மாறிவிட்டது, முன்னால் ‘சுருள்’ நிற்கும்போது குழப்பம் வராது என்பது என் எண்ணம்.

சரி, இப்போது பொதுப்பெயர். இரைச்சல், உறுமல், கீச்சு மூன்றையும் சேர்த்து, ஒரு கருவி தன் வேலையைச் செய்யும்போது விரும்பாமலே வெளியிடும் ஒலிக்கு என்ன சொல்வது? நான் ‘அரவம்’ என்கிறேன். ‘ஆளரவமற்ற தெரு’ என்கிறோம். ‘அரவம் காட்டாமல் உள்ளே வந்தான்’ என்கிறோம். ஒருவர் இருக்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒலி அது. நள்ளிரவில் என் கணினி செய்வதும் அதுவே, தான் அங்கே இருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

கம்பலை என்ற பழஞ்சொல்லை எடுத்துத் தந்த நண்பருக்கு நன்றி. அவர் காட்டிய தொல்காப்பிய உரியியல் நூற்பாவையே நான் என் பக்கம் சாட்சிக்கு அழைக்கிறேன். கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்ற நான்கும் ‘அரவப் பொருள’ என்கிறது அது. அதாவது நான்கையும் விளக்க அங்கே பொதுப்பெயராக நிற்பதே அரவம்தான். கம்பலை இன்று அகராதியைத் திறந்தால்தான் கிடைக்கும், அரவம் இன்னும் வீட்டுப் பேச்சில் இருக்கிறது.

அரவம் என்றால் பாம்பும் அல்லவா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆளரவம் என்று கேட்டு யாரும் காலைத் தூக்கிக்கொண்டதில்லை. இடம் பொருளைக் காட்டிவிடும்.

மற்ற முன்மொழிவுகளைப் பற்றிச் சுருக்கமாக. ‘ஒலியடக்கம்’ பல செயலிகளில் ஒலியை முழுதாக நிறுத்தும் பொத்தானின் பெயராகிவிட்டது, அதை இங்கே கொண்டுவந்தால் கணினியில் பாட்டு கேட்காது என்று நினைப்பார்கள். ‘மௌனக் கணினி’ எனக்கு ஒப்பவில்லை. பேசத் தெரிந்தவர் பேசாமலிருப்பதுதான் மௌனம். ‘விசிறியிலி’ அருமையான சொல், ஆனால் விசிறியே இல்லாத கணினிக்கு அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம். ‘சத்தமில்லாக் கணினி’ கையேட்டின் அட்டையில் போட ஏற்றது. உள்ளே ‘அரவம் குறைந்த கணினி’ என்றும், செயலை ‘அரவக் குறைப்பு’ என்றும் எழுதலாம். எல்லாவற்றையும் ஒரே சொல்லாக ஒட்டினால்தான் கலைச்சொல் ஆகும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை, பெயரெச்சம் நமக்கு நன்றாகவே கைகொடுக்கிறது.

வழக்கத்தில் இல்லாத சொல்லை மக்கள் எடுத்துக்கொள்வார்களா என்று சென்னை நண்பர் கேட்டார். சிங்கப்பூரில் இருப்பவன் என்ற முறையில் நான் நம்பிக்கையோடு பதில் சொல்வேன். இங்கே மின்தூக்கி, உணவங்காடி, மின்னிலக்கம் (டிஜிட்டல்) எல்லாம் செய்தியிலும் அறிவிப்பிலும் அன்றாடம் வருகின்றன. வாயால் லிஃப்ட் என்பவர்களும் மின்தூக்கி என்று பார்த்தால் தடுக்காமல் படித்துவிடுகிறார்கள். ‘இணையம்’ என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர் நம்மூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் இங்கேதான். அந்தச் சொல் இன்று கலைச்சொல் என்ற நினைப்பே இல்லாமல் புழங்குகிறது.

பாடநூல் எழுதியவர்களிடமும் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. அதிர்வெண்ணில் சற்றே வேறுபட்ட இரண்டு ஒலிகள் சேரும்போது சத்தம் தாழ்ந்து எழுந்து தாழ்ந்து எழும் அல்லவா, அதற்கு அவர்கள் ‘விம்மல்’ என்று பெயர் வைத்தார்கள். அதை வைத்தவர் அந்த ஒலியைக் காதால் கேட்டிருக்கிறார். என் கணினியில் இரண்டாவது வன்தட்டு மாட்டியபோது, ஒன்று 120 ஹெர்ட்ஸிலும் மற்றது அதற்குச் சற்றுக் குறைவாகவும் ஓடி, இரண்டு நொடிக்கு ஒருமுறை அறையே விம்மியது. சொல் எனக்கு முன்பே தயாராக இருந்தது. நாம் வைக்கும் சொல்லும் இன்னொருவர் இருட்டில் படுத்துக்கொண்டு கேட்கும்போது இப்படி அகப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஒன்றுக்கு மட்டும் இன்னும் சொல் கிடைக்கவில்லை. விசிறியின் பேரிங் தேய்ந்து, காலையில் போட்டதும் கொஞ்ச நேரம் ‘கரகர’ என்று உரசி, சூடானதும் தானாக நின்றுவிடும் சத்தம். பேரிங்குக்குத் ‘தாங்கி’ சரி. ‘தாங்கிக் கரகரப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் உருளவில்லை. மாவு மில்லிலோ பட்டறையிலோ வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், தேய்ந்த பேரிங் சத்தத்தை அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைவரை அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து