புதுப்பிப்பு: வீட்டில் செய்த சர்க்யூட் போர்டுக்கு எக்ஸ்ஹெச் கனெக்டர் சரிப்பட்டது

மோட்டார் அதிர்வில் டூபான்ட் ஒயர்கள் (போர்டின் பின்களில் வெறுமனே செருகும் ஒயர்கள்) கழன்றுவிடுகின்றன, வேறு என்ன போடலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஜேஎஸ்டி (JST) நிறுவனத்தின் எக்ஸ்ஹெச் (XH) கனெக்டர், அதாவது போர்டில் சால்டர் செய்யும் சாக்கெட்டும் அதில் செருகும் ஒயர் பிளக்கும், போடச் சொன்னதுதான் வேலை செய்தது. அதிர்வுக்கு அசையவில்லை, தலைகீழாகச் செருகவும் வழியில்லை. 3 ஆம்பியர் வரை தாங்கும். என் சின்ன மோட்டாருக்கு அது தாராளம். ஒயரைத் திருகால் இறுக்கும் ஸ்க்ரூ டெர்மினல் இடத்தை அடைத்ததால் விட்டுவிட்டேன்.

இரண்டு பின்களுக்கு (pin) நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். எக்ஸ்ஹெச் 2.5 மி.மீ., நாம் வழக்கமாகத் துளையிடுவது 2.54. நாலு பின் வரை வித்தியாசமே தெரியாது. பத்துப் பின் என்றால் கடைசிப் பின்னுக்கு வருவதற்குள் 0.36 மி.மீ. தள்ளிப்போகிறது, அதனால் போர்டின் லேஅவுட் வரைபடத்திலேயே 2.5 வைத்தேன். துளைக்கு 1 மி.மீ. பிட். கழற்றும்போது இறுக்கமாக இருப்பதால் ஒற்றைப் பக்க போர்டில் பேடு (பின்னைச் சால்டர் செய்யும் செம்புப் பரப்பு) உரிந்து வரலாம். பேடைப் பெரிதாகவே போடுங்கள்.

எதிர்பாராத ஒன்று: கிரிம்ப் செய்தே (முனையில் உலோகக் கிளிப்பை அழுத்திப் பொருத்தியே) வரும் ஒயர்களில் சிவப்பு எந்தப் பக்கம் என்பதற்கு ஒழுங்கே இல்லை. ஒரு செட்டில் முதல் பின், இன்னொன்றில் கடைசிப் பின்! மாறியிருந்தால், ஹவுசிங் (பிளக்கின் பிளாஸ்டிக் கூடு) ஜன்னலில் தெரியும் கிளிப்பின் நாக்கை ஊசியால் அமுக்கி ஒயரை உருவலாம். அப்புறம் நாக்கை லேசாக நிமிர்த்திவிட்டுத்தான் மறுபடி செருக வேண்டும், இல்லையென்றால் பிடிக்காது.