கணுக்கால் எலும்பில் கட்டி: மகனின் இரவு வலி

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):
என் 17 வயது மகனுக்கு எட்டு மாதங்களாகக் கணுக்கால் வலி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து காலைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறான். ஐபுபுரோஃபென் விழுங்கிய அரை மணி நேரத்தில் மீண்டும் உறங்கிவிடுகிறான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று கூறி, மூட்டழற்சிக்கு மருத்துவம் பார்த்தார்கள். இப்போது எம்ஆர்ஐயில் எலும்புக்குள் நீர்க்கோவை (நீர் கோத்த வீக்கம்) தெரிகிறதாம். புற்றுநோயாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 1 (எலும்பியல் மருத்துவர், கோலாலம்பூர்):
அம்மா, இரவில் மிகுந்து இந்த மாத்திரைக்கு உடனே அடங்கும் வலி, 'ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா' என்னும் தீங்கற்ற கட்டியை நினைவூட்டுகிறது. அதன் கரு, அதாவது நடுப்பகுதி, பெரும்பாலும் 1.5 செ.மீ.க்கும் சிறியது, அங்கு சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்தான் வலியைத் தூண்டுகிறது. தொடையெலும்பில் வந்தால் சுற்றிலும் எலும்பு தடித்து எக்ஸ்ரேயில் தெரியும். தாலஸ் (கணுக்கால் மூட்டெலும்பு) போன்ற, மூட்டுக்குள் அடங்கிய எலும்பில் அந்தத் தடிப்பு குறைவு, மூட்டும் வீங்குவதால் மூட்டழற்சி என்றே நாங்கள் ஏமாந்துபோகிறோம். எம்ஆர்ஐயில் நீர்க்கோவை கருவை மறைத்துவிடக்கூடும் என்பதால், மெல்லிய வெட்டுகளாகச் சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். இக்கட்டி புற்றுநோயாக மாறுவதில்லை.

பதில் 2 (செந்தூல், கோலாலம்பூர்):
எனக்கு மணிக்கட்டில் இதுவே வந்தது. சிடி வழிகாட்ட ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலை வெப்பத்தால் 90 டிகிரியில் ஆறு நிமிடம் சுட்டார்கள். மூன்றாம் இரவு மாத்திரையின்றி உறங்கினேன். கருவுக்கு அருகே நரம்போ குருத்தெலும்போ இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சகோதரி.

கேட்டவர்:
மிக்க நன்றி. வியாழனன்று சிடி எடுக்கிறோம்.