க்யூஇமுல வர்ற யூஆர்ட் இன்டரப்ட் போர்டுல மட்டும் வரமாட்டேங்குது, யாராச்சும் உதவுங்க

கத்துக்குட்டி_கர்னல்:
வணக்கம். ரிஸ்க்-ஃபைவ் 64 பிட்டுக்கு சொந்தமா ஒரு குட்டி கர்னல் எழுதிட்டு இருக்கேன். க்யூஇமு (கம்ப்யூட்டரை சாஃப்ட்வேர்லயே நடிச்சுக் காட்டுற எமுலேட்டர்) விர்ட் மெஷின்ல ஜம்முனு ஓடுது, கீ அடிச்சா இன்டரப்ட் (டிவைஸ் சிபியுவக் கூப்பிடுற சிக்னல்) வருது, எழுத்தும் விழுது. அதையே ஜேஎச்7110 சிப் உள்ள போர்டுல ஏத்தினா எந்தக் கீக்கும் அசைவே இல்ல. டைமர் இன்டரப்ட் மட்டும் ஒழுங்கா வந்துட்டு இருக்கு. யூஆர்ட்டோட (சீரியல் போர்ட்) ஐஆர்க்யூ, அதாவது இன்டரப்ட் நம்பர், அங்க 10, இங்க 32ன்னு டிவைஸ் ட்ரீல (போர்டுல என்னென்ன இருக்குன்னு சொல்ற பட்டியல்) பாத்து மாத்திட்டேன், ரிஜிஸ்டர் எல்லாம் 4 பைட் தள்ளித் தள்ளி இருக்குறதையும் கவனிச்சாச்சு, போலிங்ல (இன்டரப்ட் இல்லாம நானே திரும்பத் திரும்பப் பாத்து) படிச்சா எழுத்து வருது. ரெண்டு ராத்திரி போச்சு. எங்கதான் ஓட்டை?

எட்டாவது_பிட்:
ப்ரோ இஓஐ (இன்டரப்ட் முடிஞ்சதுன்னு சொல்ற சிக்னல்) அனுப்புறீங்களா? எக்ஸ்86ல எனக்கு இப்படித்தான் ஆச்சு, பிஐசியோட (அங்க இருக்குற இன்டரப்ட் கன்ட்ரோலர்) போர்ட் ஹெக்ஸ் 20ல ஹெக்ஸ் 20 எழுத மறந்துட்டேன், டைமர் ஒரு டிக் அடிச்சிட்டு செத்துப் போச்சு.

கத்துக்குட்டி_கர்னல்:
ஒண்ணு வந்தாதானே ப்ரோ அதை முடிச்சு வைக்க, இங்க முதல் ஒண்ணே வரல 😅

சால்டரிங்_சித்தப்பா:
டைமர் வருதுன்னு நிம்மதியா இருக்காதீங்க தம்பி, அது பிளிக் (டிவைஸ் இன்டரப்ட்களை வாங்கி கோருக்கு அனுப்புற கன்ட்ரோலர்) பக்கமே போகாது, அதோட வழியே வேற. ட்ராப் வெக்டர் (இன்டரப்ட் வந்தா குதிக்குற அட்ரஸ்) சரியா இருக்குன்னு மட்டும்தான் அதுல தெரியும். ஒரு கீய அழுத்திட்டு ரெண்டு இடத்தைப் படிச்சுச் சொல்லுங்க. பிளிக் பேஸ்லருந்து ஹெக்ஸ் 1004ல 0வது பிட், அதான் உங்க 32ம் நம்பரோட பெண்டிங். அப்புறம் எஸ்ஐபி ரிஜிஸ்டர்ல (கோர்கிட்ட வந்து காத்திருக்குற இன்டரப்ட்களைக் காட்டுறது) 9வது பிட்.

கத்துக்குட்டி_கர்னல்:
பெண்டிங் 1. எஸ்ஐபில 9வது பிட் 0. கர்னல் ஓடுறது ஹார்ட் (அதாவது கோர்) 1ல.

சால்டரிங்_சித்தப்பா:
அப்ப யூஆர்ட் கூப்பிடுறது பிளிக் காதுல விழுது, அது உங்க ஹார்ட்டுக்குத்தான் சொல்ல மாட்டேங்குது. பிளிக் யாருக்குச் சொல்லணும்னு காட்டுற கான்டெக்ஸ்ட் நம்பரை ஹார்ட் இன்டு 2, கூட்டல் 1னு போட்டிருப்பீங்களே? க்யூஇமு விர்ட்ல அது சரி, அங்க ஒவ்வொரு ஹார்ட்டுக்கும் எம் மோடு (ஃபர்ம்வேர் ஓடுறது) ஒண்ணு, எஸ் மோடு (கர்னல் ஓடுறது) ஒண்ணுன்னு ஜோடியா வரும். இந்த சிப்ல ஹார்ட் 0ங்கிறது சின்ன மானிட்டர் கோர், அதுக்கு எஸ் மோடே கிடையாது, அதனால ஒரு கான்டெக்ஸ்ட்தான். 0 அதுக்குப் போச்சா, ஹார்ட் 1 எம் மோடு 1, எஸ் மோடு 2, ஹார்ட் 2 எம் மோடு 3. நீங்க போட்ட 3 பக்கத்து வீட்டு எம் மோடு! கதவு மாறித் தட்டிட்டு நம்ம வீட்ல யாரும் திறக்கலன்னு நிக்குறீங்க. எஃப்யூ540 சிப்லயும் இதே அமைப்புதான், அதுல நானும் ஒரு வாரம் முழிச்சிருக்கேன்.

கத்துக்குட்டி_கர்னல்:
அடப்பாவி நான் அந்த ஃபார்முலாவ சந்தேகமே படலயே. 2ன்னு மாத்திட்டேன், எனேபிள், த்ரெஷோல்டு, கிளெய்ம் (வந்த இன்டரப்ட் நம்பரை எடுக்குறது) மூணு அட்ரஸும் புது கான்டெக்ஸ்டுக்கு மாறிடுச்சு. ஆனா இன்னமும் வரல சித்தப்பா 😭

சால்டரிங்_சித்தப்பா:
எனேபிள் பிட்டை எப்படி எழுதுறீங்க?

கத்துக்குட்டி_கர்னல்:
1ஐ ஐஆர்க்யூ நம்பர் அளவுக்கு இடது பக்கம் ஷிஃப்ட் பண்ணி எனேபிள் ரிஜிஸ்டர்ல எழு… ஐயோ. 32. அந்த ரிஜிஸ்டரே 32 பிட்தானே.

எட்டாவது_பிட்:
😂😂 10 வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும்

சால்டரிங்_சித்தப்பா:
அதேதான். ஐஆர்க்யூவ 32ஆல வகுத்து வர்ற ஈவு எத்தனாவது வேர்டுன்னு சொல்லும், மீதி எந்த பிட்டுன்னு சொல்லும். உங்களுக்கு ரெண்டாவது வேர்டோட 0வது பிட், அதாவது கான்டெக்ஸ்ட் 2க்கு பேஸ்லருந்து ஹெக்ஸ் 2104. இன்னொண்ணு, எனேபிள் ஆகாத நம்பருக்கு கம்ப்ளீட் (வேலை முடிஞ்சதுன்னு) எழுதினா பிளிக் சத்தமே போடாம விட்டுடும், எர்ரர் எதுவும் தராது, அதையும் மனசுல வச்சுக்குங்க.

கத்துக்குட்டி_கர்னல்:
வந்துடுச்சு!! ஆனா இப்ப வேற கூத்து. நான் கீயே அழுத்தல, 32, 32, 32ன்னு கிளெய்ம் கொட்டுது, கர்னல் அப்படியே மாட்டிக்குது. கம்ப்ளீட் ஒழுங்கா எழுதுறேன். ஐஐஆர் (எதுக்காக இன்டரப்ட்னு சொல்ற யூஆர்ட் ரிஜிஸ்டர்) படிச்சா ஹெக்ஸ் சி7ன்னு வருது, என் ஹேண்ட்லர்ல 4, சி ரெண்டுக்கும்தான் கேஸ் இருக்கு.

சால்டரிங்_சித்தப்பா:
கீழ் நாலு பிட் 7ஆ இருந்தா அது பிஸி டிடெக்ட். உங்க போர்டுல இருக்குற டிசைன்வேர் யூஆர்ட்டோட தனிக் குணம் அது, சாதா 16550ல கிடையாது, க்யூஇமுல இருக்குறது சாதா 16550. யூஆர்ட் வேலையா இருக்கும்போது நீங்க எல்சிஆர்ல (லைன் செட்டிங் ரிஜிஸ்டர்) எழுதியிருக்கீங்க, முன்னாடி பிரிண்ட் பண்ண வரி இன்னும் போய்க்கிட்டே இருந்திருக்கும். யூஎஸ்ஆர் ரிஜிஸ்டரை (யூஆர்ட்டோட நிலையச் சொல்றது) படிச்சாத்தான் அது அடங்கும், யூஆர்ட் பேஸ்லருந்து ஹெக்ஸ் 7சி. டிவைஸ் கையை இறக்காத வரைக்கும் பிளிக்ல எத்தனை கம்ப்ளீட் எழுதினாலும் மறுபடி பெண்டிங் ஏறத்தான் செய்யும். எல்சிஆர்ல எழுதுறதுக்கு முன்னாடி டிரான்ஸ்மிட் காலியாகுற வரைக்கும் காத்திருந்தா இன்னும் நல்லது, நீங்க எல்சிஆர்ல எழுதினது உள்ள போகாமலே கூட போயிருக்கலாம்.

கத்துக்குட்டி_கர்னல்:
7க்கு ஒரு கேஸ் போட்டு யூஎஸ்ஆர் படிச்சேன், அடங்கிடுச்சு! இப்ப கீ அடிச்சா ஒண்ணுக்கு ஒண்ணு வருது. கான்டெக்ஸ்ட் 2ன்னு கையால போட்டதை அப்படியே விட்டுடலாமா?

சால்டரிங்_சித்தப்பா:
விடாதீங்க. எந்த ஹார்ட்ல பூட் ஆகும்னு நிச்சயம் கிடையாது, ஏ0 ரிஜிஸ்டர்ல வர்ற ஹார்ட் ஐடிய எடுங்க. டிவைஸ் ட்ரீல பிளிக் நோடோட இன்டரப்ட்ஸ்-எக்ஸ்டெண்டட் பட்டியல்ல உங்க ஹார்ட்டும் 9ம் (எஸ் மோடு) ஜோடியா எத்தனாவது இடத்துல வருதோ அதான் கான்டெக்ஸ்ட். 11ன்னா எம் மோடு. எண்ணிக்கைய 0லருந்து ஆரம்பிங்க.

கத்துக்குட்டி_கர்னல்:
பார்சர் எழுதிட்டேன், அதே பைனரி க்யூஇமுல 3னும் போர்டுல 2ன்னும் தானா எடுக்குது. தூங்கப் போறேன் சித்தப்பா, ரொம்ப நன்றி.