பைத்தான்: ‘கொள்முதல்’ என்று தொடங்கும் வரிகளில் பாதி வரவில்லை, அவசரம்

செங்கல்: பைத்தான் நிரல் எழுதி, ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் ‘கொள்முதல்’ என்று தொடங்கும் வரிகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். பாதிதான் வருகிறது. விடுபட்ட வரிகளில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. இன்று இரவுக்குள் முடிக்கணும், யாராவது சொல்லுங்கள்.

நூல்கண்டு: எழுதிய நிரல் எங்கே? ஃபைலை எந்த என்கோடிங்கில் (எழுத்துக் குறியாக்க முறையில்) திறக்கிறீர்கள்? விடுபட்ட வரி ஒன்றை அப்படியே ஒட்டுங்கள்.

மேசைவிளக்கு: வரிக் கடைசியில் நியூலைன் என்ற கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறி ஒட்டிக்கொண்டு வரும். அதை நீக்கும் ஸ்ட்ரிப் போடுங்கள், சரியாகிவிடும். எனக்கு எப்போதும் அதுதான் காரணம்.

நூல்கண்டு: தொடக்கத்தைத்தானே பார்க்கிறார்? கடைசியில் நியூலைன் இருந்தால் என்ன?

பழையவன்: ஃபைல் படிப்பது முதல் வாரப் பாடம். படித்துவிட்டு வந்து கேளுங்கள். இதற்கு பைத்தானே வேண்டாம், வரிகளைத் தேடித்தரும் கிரெப் கருவி ஒரே வரியில் முடித்துவிடும்.

மேசைவிளக்கு: விண்டோஸில் கிரெப் கூடவே வராதே ஐயா.

பழையவன்: நிறுவிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? 1970களிலிருந்து இருக்கிற கருவி.

மேசைவிளக்கு: அவர் கேட்டது பைத்தானில். கேட்டதற்குப் பதில் சொல்வோம்.

செங்கல்: வரியின் தொடக்கத்தை ஒப்பிடும் ஸ்டார்ட்ஸ்வித்தான் போட்டிருக்கிறேன். என்கோடிங் யூடிஎஃப்-8. இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்ததைச் சேர்த்த ஃபைல்.

நூல்கண்டு: இரண்டு பேரா! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றே வருவது ஒரு விதம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாக வருவது இன்னொன்று. திரையில் வித்தியாசமே தெரியாது, பைத்தானுக்கோ இரண்டும் வேறு வேறு சொல். வந்த வரி ஒன்று, வராத வரி ஒன்று, இரண்டிலும் ‘கொள்முதல்’ என்ற சொல்லை மட்டும் வெட்டி, எத்தனை குறிகள் என்று எண்ணும் லென் போட்டுப் பாருங்கள். 9, 10 என்று வந்தால் இதுதான் சிக்கல். யூனிகோடுடேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் கொண்டு, தேடும் சொல்லையும் ஒவ்வொரு வரியையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். பழையவன் ஐயா, கிரெப்பில் தேடினாலும் இந்த வரிகள் விடுபட்டிருக்கும்.

பழையவன்: கிரெப்புக்குக் கொடுக்கும் முன் இதே மாற்றத்தைச் செய்யும் யூகான்வ் கருவி வழியாக அனுப்பினால் போதும்.

நூல்கண்டு: சரி, அதுவும் வழிதான். அப்புறம் ஒன்று: ‘கௌ’ வரும் சொற்களில் சிலர் கொம்பு போட்டுவிட்டுப் பக்கத்தில் ளகரத்தையே தட்டியிருப்பார்கள். அதை நார்மலைஸ் சரிசெய்யாது, நீங்கள்தான் தேடி மாற்ற வேண்டும்.

செங்கல்: 9, 10தான். இப்போது எல்லா வரியும் வருகிறது. நன்றி.